மண்ணெண்ணெய்க்குத் தப்பிய புழு

புழுவின் விலாவில் ஊசிமுனை வைத்து, கசியும் ஒற்றைச் சொட்டில் அதன் குலம் அறியும் கூர்மதியே! ஒரகடம் மரப்பெட்டிக் கூடத்தின் பூச்சி ஆய்வாளராய் அமர்ந்து, அஞ்சியவர் அடுப்பு அணையாமல் காத்த அரணே! இன்று பணி நிறைவு பெறும் எழிலரசி அம்மையீரே, வணக்கம்.

தங்கள் பொறுமையைப் போற்றுவதா, புலமையைப் போற்றுவதா என்று திகைத்து, கடைசியில் எங்கள் பயத்தையே எழுதத் துணிந்தோம்.

மாம்பலகையில் புழு நெளிந்த அந்தக் காலையில், அது வெளிநாட்டு மரத்தோடு வந்த இனமென்றால் கூடத்துக்குச் சீல் விழும், அத்தனை பேரும் வீட்டுக்குத்தான் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டுப் போனார். "கண்ணுல பட்டாத்தானே வம்பு? கொன்னு போடு," என்றார் எங்களில் மூத்த ராஜாமணி அண்ணன். பலகை பலகையாய்க் குடைந்து, எல்லாப் புழுவையும் மண்ணெண்ணெயில் போட்டோம்.

தாங்கள் வந்தீர்கள். திட்டவில்லை, முகம்தான் வெளுத்தது. பார்வைக்கு எல்லாப் புழுவும் ஒன்றுபோல் இருக்கும், அதன் இரத்தத்தில் மிதக்கும் அணுக்களைப் பார்த்தால் எந்த இனம் என்று துப்புக் கிடைக்கும், செத்ததில் கிடைக்காது என்றீர்கள்.

"ஒண்ணாச்சும் உயிரோட இருக்கா?"

எங்களில் அன்னக்கிளி மட்டும் வீட்டுக் கோழிக்கென்று ஒன்றை டிபன் பாக்ஸில் ஒளித்திருந்தாள். கொடுத்தால் அதுவே கூடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுமோ? கொடுக்காவிட்டால்? மூடியைத் திறந்து நீட்டினாள்.

"கோழித் தீனிலதான் நம்ம பொழப்பே கீது," என்று ராஜாமணி முனகினார்.

தாங்கள் ஊசியால் குத்தியதும் கசிந்த சொட்டு சிவப்பாய் இல்லை, தண்ணீர்போல் இருந்தது. காற்றுப் பட்டுக் கறுப்பதற்குள் கண்ணாடிச் சில்லில் தடவி, சாயமிட்டு, உள்ளூர் மாமரப் புழுக்களின் பழைய சில்லுகளோடு நுண்ணோக்கியில் ஒப்பிட்டீர்கள். அணுக்களில் உருண்டவை எத்தனை, நூற்புக் கதிர்போல் நீண்டவை எத்தனை என்று பார்த்து நிமிர்ந்தீர்கள்.

"நம்மூர்ப் புழு மாதிரிதான் தெரியுது. ஆனா அணுவை மட்டும் வச்சு நான் கையெழுத்துப் போட மாட்டேன். இது வளந்து வண்டாகட்டும்."

அதுவரை கூடத்தைப் பூட்டவும் விடவில்லை. சரக்கை அனுப்பவும் விடவில்லை. குத்துப்பட்ட புழு செத்துவிட்டால் என்ன கதி என்று, அன்னக்கிளி ஷிப்டுக்கு ஷிப்டு தங்கள் மேசையை எட்டிப் பார்த்துத் தானே செத்துப் பிழைத்தாள். ஒருநாள் வண்டு வெளிவந்தது. நம் மாமரத் துளைப்பான்தான். புழு மிச்சமில்லாதபடி பலகைகளை மறுபடி சூட்டுச் சூளையில் வாட்டி அனுப்பினோம்.

அம்மையீரே! நேற்று எங்கள் தசரதன் அறுத்த பலகையிலும் ஒரு புழு. பார்த்துச் சொல்லத் தாங்கள் நாளை இருக்கமாட்டீர்களே! ஆனாலும் மண்ணெண்ணெய் கேனை யாரும் தொடவில்லை. மரத்தூள் போட்டு, அன்னக்கிளியின் டிபன் பாக்ஸில் உயிரோடு வைத்திருக்கிறோம்.

நோய் அண்டாமல், கண்ணொளி குன்றாமல், தாங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். பாக்ஸ் இந்தப் பிரிவு விழா மேடைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மாலையைக் கழற்றியதும், ஒருமுறை அந்தப் புழுவைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

தங்களை விட மனமில்லாத,
மரப்பெட்டிக் கூடத் தொழிலாளர்கள்,
ஒரகடம்.