முந்நூற்று நாற்பது கிராம்

— இன்னும் ஊதிட்டிருக்கீங்களா?

— ஊதல. டெஸ்ட் பண்றேன்.

— நாலு நாளா டெஸ்ட். காலையில பார்த்தா அந்தக் காத்துப் பாய் தரையோட தரையா கிடக்கு. அதுமேல நீங்களும்...

— காத்து லேசா இறங்குது. அவ்வளவுதான்.

— மொத்த எடை எவ்வளவுன்னு சொன்னீங்க?

— முந்நூத்தி நாப்பது கிராம்.

— மூணு வாழைப்பழம். அதுமேல எழுபது கிலோ படுக்கணும்.

— எழுபத்தி ரெண்டு.

— டூத் பிரஷ் காம்பை அறுத்தப்பவே நான் சுதாரிச்சிருக்கணும். சட்டையில இருந்த லேபிளைக்கூட விட்டு வைக்கல.

— மலையில ஒவ்வொரு கிராமும் தெரியும்மா.

— கெட்டியா ஃபோம் பாய் இருந்துச்சே கடையில. முள்ளு மேல விரிச்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு அந்த ஆள் அடிச்சுச் சொன்னார்.

— அது எண்ணூறு கிராம். என் முதுகு...

— பரவாயில்லையே, முதுகு ஞாபகம் இருக்கே. ஆபரேஷன் முடிஞ்சு அஞ்சு மாசம்.

— டாக்டர் நடக்கலாம்னுட்டார்.

— பார்க்குல நடக்கலாம்னார். உங்க காதுல பன்னிரண்டாயிரம் அடின்னு விழுந்திருக்கு.

— ஆபீஸ்ல நான்தான் எல்லாரையும் கிளப்பி விட்டேன். நாளைக்குக் காலையில வண்டி. இப்போ வரலைன்னா சிரிக்க மாட்டாங்களா?

— இப்போ மட்டும் அழுதுட்டா இருக்காங்க... அது என்ன, சோப்பு நுரை?

— தடவினா ஓட்டை இருக்கிற இடத்துல குமிழி வரும்.

— கண்டுபிடிச்சு? ஒட்டுப் போட கடையில பட்டை குடுத்தாங்களே, அது எங்கே?

— தூக்கிப் போட்டுட்டேன்.

— ஏன்?

— பன்னிரண்டு கிராம்.

— சபாஷ்.

— அந்த ஓரத்தைப் பிடி... வருது பாரு. தலைமாட்டுல... தலைமாட்டுலயா?

— அடடா. அப்போ பயணம் அவ்வளவுதானா.

— இரு. கால்மாட்டுலயும் ஒண்ணு. போட்டோ எடு, ஆபீஸ் குரூப்ல போடணும்.

— கால்மாட்டுலயா? அங்கே நான் குத்தவே...

— என்ன சொன்னே?

— ஊக்கால... ஒரே ஒரு தடவை. வாயால சொன்னா கேட்கிற ஆளா நீங்க? அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல இன்னொரு வாட்டி என்னால உட்கார முடியாது. திட்டணும்னா திட்டுங்க. ஆனா கால்மாட்டுல குத்தினது சத்தியமா நான் இல்ல.

— தெரியும். அது நான். நம்ம மூணு மாடி ஏறினாலே இடுப்பு கழண்டுடுது... அதை ஆபீஸ்ல எப்படிச் சொல்றது?