சுழல் திரும்பவில்லை

— மேஜை மேலே என்ன மாலை, பாகீ?

— அது இருக்கட்டும். இன்டர்வியூவில் அப்புறம் என்ன கேட்டா?

— வேறென்ன, ஏரோப்ளேன் இறக்கையைப் பத்தித்தான். பின்பக்கமா சாய்ச்சு வச்ச இறக்கையை ஒட்டி ஓடற காத்துக்கு எல்லார் கணக்கும் தப்பா வரது, உமக்கு மட்டும் எப்படி விண்ட் டனலோட ஒத்துப்போச்சுன்னார் புரொபசர் நாட்கர்ணி.

— சொன்னேளா?

— சொன்னேன். மேல்காத்து நேரே போறது. அடிக்காத்து பக்கவாட்டில் திரும்பிடறது. காத்துக்குள்ளே இருக்கற சுழலும் கூடவே திரும்பறதுன்னு எல்லாரும் வச்சுக்கறா, அதான் தப்புன்னேன்.

— சுழல் ஏன் கூடவே திரும்பலைன்னு கேட்டிருப்பாரே.

— கேட்டார்.

— ம்.

— கொஞ்சம் தீர்த்தம் கொடேன்.

— கூஜாவில் இருக்கு, எடுத்துக்கோங்கோ. ஏன் திரும்பலை?

— நீதான் அன்னிக்குச் சொன்னியே. பழைய வேகம், அது வந்து...

— சுழல் பழசை லேசில் மறக்காது. வந்த திசையிலேயே கொஞ்ச தூரம் தள்ளிண்டு போகும். அந்தத் தூரத்தையும் கணக்கில் சேர்க்கணும். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிண்டே தினம் இதைத்தானே உங்களுக்குச் சொல்லிண்டிருந்தேன்.

— அந்த நேரத்தில் அது வாயில் வரலை. என் ஆம்படையாள் போட்ட கணக்குன்னு உண்மையைச் சொல்லிட்டேன். போருமா?

— சொல்லிட்டேளா? என்ன சொன்னா?

— சிரிச்சா. இங்கிலாந்துக்கு ஒரே ஒருத்தரைத்தான் அனுப்புவா, அதுவும் பொம்மனாட்டியை அனுப்பறதா இல்லை, நானே போகணும்னுட்டா. நான் எவ்வளவோ வாதாடினேன்.

— என்னை அழைச்சுண்டு வரச் சொல்லலையா?

— எதுக்குச் சொல்லப் போறா?

— நான் வந்து பதில் சொல்லியிருப்பேன்.

— பாரு, யார் போனா என்ன? யுத்தத்துக்கப்புறம் இப்பத்தான் கப்பலில் இடம் கிடைக்கறது. நான் அங்கேர்ந்து அளவையெல்லாம் அனுப்பறேன். நீ இங்கேர்ந்து கணக்கைப் போட்டு அனுப்பு. எப்பவும் போலத்தானே.

— எப்பவும் போல.

— கோவமா?

— இன்டர்வியூ மத்தியானமே முடிஞ்சுடுத்தே. இவ்வளவு நாழி எங்கே போயிருந்தேள்?

— கிங்ஸ் சர்க்கிள் பார்க்கில் உட்கார்ந்திருந்தேன். மனசே சரியில்லை. மத்தியானம் முடிஞ்சது உனக்கு எப்படித் தெரியும்?

— நாட்கர்ணி சொன்னார்.

— அவர் இங்கே வந்தாரா?

— மாலை அவர் கொண்டு வந்ததுதான். செத்துப்போன உங்க ஆம்படையாள் படத்துக்குப் போடணும்னு. கதவைத் திறந்தது நான்தான்.