ஐம்பது ஓம் மூடி

எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, இன்ஸ்பெக்டர். பேட்டைக் கம்பெனியில் ஏ.சி. இருந்த ஒரே இடம் டெஸ்டிங் ரூம்தான். அதனாலேயே அந்த வேலையைக் கேட்டு வாங்கினேன். மீன்பிடி படகுகளுக்கு ரேடியோ செட் செய்கிற சின்னக் கம்பெனி. அதற்கான டிரான்சிஸ்டர்களைப் பதினோரு வருஷம் நான்தான் அளந்தேன்.

அளக்கிற மிஷினுக்கு நெட்வொர்க் அனலைசர் என்று பெயர்தான் பெரிசு. அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. தினமும் காலையில் கேபிள் நுனியில் விரல் நுனியளவு மூடி ஒன்றைத் திருகி, ஐம்பது ஓம் மின்தடை என்றால் இதுதான் என்று காட்டிக்கொடுக்க வேண்டும். கெட்ட மூடியைக் காட்டினாலும் நம்பிவிடும். முதலாளி பரமசிவனும் அதே ரகம். தொண்ணூற்றாறில், வந்து இரண்டே வருஷமான சித்ரலேகாவை எனக்கு மேலே உட்காரவைத்தார். காலையில் மூடி திருகுவதும் தேறியதற்குக் கையெழுத்துப் போடுவதும் அவளிடம் போயின.

திரையில் கோடு ஒழுங்காக வந்துவிட்டால் சந்தேகமே வராத பெண் அவள். அது நாலு பேருக்குத் தெரியட்டும் என்று, உள்ளே கருகிப்போன பழைய மூடியை நல்ல மூடியின் டப்பாவில் வைத்தேன். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். கழித்துப்போட வேண்டிய டிரான்சிஸ்டர்கள் இருநூறு தேறிவிட்டன. ஆண்டெனா மழையில் நனைந்தால் அவை தாறுமாறாகும், பேச்சு வெளியே போகாது. செட்டுகள் திரும்பி வரும், அவள் முழிப்பாள். அவ்வளவுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் அவளே வந்து நின்றாள்.

"அண்ணாச்சி, இந்த லாட்டு டிரான்சிஸ்டர் ஒண்ணுவிடாம ரொம்பச் சுத்தமா வருது. எனக்கு என்னமோ மாதிரி இருக்கு. நீங்க ஒருக்கா பாத்துச் சொல்லுங்களேன்."

"மிஷினே சொல்லுதுல்லாம்மா. பிறவு என்ன?" என்றேன்.

முகம் தெளிந்து போனாள். இவளைத்தான் எனக்கு மேலே வைத்தார்கள்.

புன்னக்காயலில் செட் மாட்ட நானே போனேன். படகுக்காரர் கித்தேரியான், நான் சைவம் என்பதுகூடத் தெரியாமல் சீலா மீனை வறுத்துக் கொண்டுவந்து வைத்தார்.

"சாரே, மழையில கூப்பிட்டாலும் கரைக்குக் கேக்குமா?"

"பைய பேசுனாலே கேக்கும் வே."

சந்தோஷத்தில் மைக்கைத் தோள்துண்டால் துடைத்து வைத்தார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

கார்த்திகை மழையில் படகு கவிழ்ந்தது. அவரும் இரண்டு மகன்களும் போனார்கள். கரையில் இருந்த செட்டில் அன்று சத்தமே வரவில்லை என்று ஊர்க்காரர்கள் ஆச்சரியப்படுகிறார்கள். வராது என்று எனக்கு முன்பே தெரியும்.

சித்ரலேகா தன் தப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலையை விட்டாள். என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் உங்கள் அறிக்கையில் 'கருவிக் கோளாறு' என்று எழுதியிருக்கிறீர்கள். பதினோரு வருஷம் நான் துடைத்துவைத்த கருவி அது. ஒரு நாளும் கோளாறு செய்ததில்லை.

இதோ, நல்ல மூடி. இத்தனை நாளும் என் சட்டைப்பையில்தான் இருந்தது. மாட்டிப் பாருங்கள், அச்சாக ஐம்பது காட்டும். அந்த வரியை அடித்துவிட்டு திருஞானசம்பந்தம் என்று என் பெயரை எழுதுங்கள். எழுதிவைத்ததில் ஒரு சின்னத் தப்பு இருந்தாலும் எனக்கு ராத்திரி தூக்கம் வராது.