லைன் எங்கேஜில் இருக்கிறது

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் நாற்காலி வசதியாக இருக்கிறது சார்ஜன். தோட்டத்துப் பெரிய ஆபீசில் எனக்குக் கொடுத்திருந்தது முதுகு இல்லாத முக்காலி. சாய்ந்தால் தூக்கம் வரும் என்று மேனேஜர் நினைத்தார். அதனால்தானோ என்னவோ, இன்றைக்கும் எனக்குச் சாய்ந்து உட்கார வராது. நீங்கள் தப்பாக நினைக்க வேண்டாம். எனக்குப் பதற்றம் ஒன்றும் இல்லை.

பெயர் ஐயாவு. இப்போது இங்கே ஈப்போவில், குனோங் ராபாட்டில் இருக்கிறேன், தங்கச்சி பாப்பாவோடு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். அவள் சொல்லித்தான் வந்தேன். மற்றபடி நானாகத்தான் பேசுகிறேன், யாரும் மிரட்டவில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். தோட்டத்துக்குச் சொந்தமாக ஒரு டெலிபோன் போர்டு. மேனேஜர் பங்களா, ரப்பர் ஸ்டோர், ஆஸ்பத்திரி, ஒவ்வொரு டிவிஷனிலும் கணக்கெழுதும் கிராணியின் ஆபீஸ், எல்லா லைனும் என் முன்னால் வந்து முடியும். ஒருவர் கூப்பிட்டால் அவருடைய விளக்கு எரியும். யார் வேண்டும் என்று கேட்டு, அந்த ஓட்டையில் கம்பியைச் சொருகி மணி அடிப்பேன். அந்தப் பக்கம் என்ன நடக்கிறதோ அதை இந்தப் பக்கம் சொல்வேன். வேலை அவ்வளவுதான்.

சுலபம் என்று நினைப்பீர்கள். எனக்கு முன்னால் இருந்த ஆள் அப்படித்தான் நினைத்தான். யார் கேட்டாலும் "கெடைக்கலங்க" என்று ஒரே பதில் சொல்வான். அதைக் கேட்டு ஒருவன் என்ன செய்வான்? காத்திருப்பதா, கிளம்பிப் போவதா, வேறு ஆளைத் தேடுவதா? பதில் எத்தனையோ வகை சார்ஜன். மணி அடிக்கிறது, எடுக்க ஆள் இல்லை என்றால் கூப்பிட்டவன் வேறு வழி பார்ப்பான். லைன் எங்கேஜ் என்றால் அந்தப் பக்கம் ஆள் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம், அவன் காத்திருப்பான். ஆபீஸ் இடம் மாறியிருந்தால் புது இடத்தைச் சொல்லி அங்கேயே போட்டுவிட வேண்டும். டிவிஷனையே மூடிவிட்டார்கள் என்றால் இனிமேல் கூப்பிடாதே என்று சொல்லிவிட வேண்டும். துரை சாப்பிட்டுப் படுத்திருக்கும்போது பங்களாவுக்கு யார் கேட்டாலும் அனுமதி இல்லை. போர்டிலேயே பழுது என்றால் பழியைக் கூப்பிட்டவன் மேல் போடாமல், கோளாறு எங்கள் பக்கம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பெரிய கிராணி கேட்டாலும் தோட்டி கேட்டாலும் ஒரே கேள்விக்கு ஒரே பதில். ஆபரேட்டருக்குச் சொந்த வாய் கிடையாது. நான் அப்படித்தான் இருந்தேன். என்மேல் ஒரு புகார் வந்தது கிடையாது.

அம்மா சாகும்போது பாப்பாவுக்கு நடக்கக்கூடத் தெரியாது. நான்தான் வளர்த்தேன். சோறு ஊட்டினேன், தலை பின்னிவிட்டேன், பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போனேன். எனக்குக் கல்யாணம் பேசி வந்தவர்களிடம் தங்கச்சிக்கு முடியட்டும் என்றேன். முடிந்தது. மூன்றாம் டிவிஷனில் ரப்பர் பாலுக்கு மரம் வெட்டும் அர்ச்சுனன்தான் மாப்பிள்ளை. நல்லவன். அவனைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டேன். அவள்மேல் ஒரு நாளும் கை நீட்டினவன் இல்லை. கட்டிக் கொடுத்த பிறகு எனக்கு வேறு யாரும் வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய் அவள் கையால் சாப்பிட்டுவிட்டு வருவேன். அது போதும்.

அப்புறம்தான் அந்தச் சட்டம் வந்தது. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். குடியுரிமை இல்லாத சிவப்பு கார்டுக்காரர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றார்கள். எனக்கும் பாப்பாவுக்கும் நீல கார்டு. அர்ச்சுனனுக்குச் சிவப்பு. அவனுக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. நான் அவனை ஆபீஸ் ஆபீஸாகக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். ஒரு குமாஸ்தாவின் காலில்கூட விழுந்தேன். அவர் பதறிப்போய் எழுந்து நின்றார், ஆனால் கார்டு நீலமாகிவிடவில்லை. லைன் லைனாக வீடுகள் காலியாகிக்கொண்டிருந்தன. பினாங்குக்குப் போய் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள்.

அர்ச்சுனனும் டிக்கெட் எடுத்துவிட்டான். இரண்டு பேருக்கும்.

"மாப்பிள்ள, என் சம்பளம் போதும். மூணு பேரும் சாப்பிடலாம். நீங்க வீட்டுல இருங்க, இந்தச் சட்டம் மாறும்லா" என்று கெஞ்சினேன்.

"பொண்டாட்டியோட அண்ணன் சோத்துல நான் உக்காந்து திங்கவா மச்சான்? அங்க போனா கூலி வேலையாச்சும் கெடைக்கும்" என்றான்.

"அப்ப நீங்க மொத போங்க. பாப்பா பொறகு வரட்டும்."

அதற்குப் பாப்பாதான் சொன்னாள். "அவரு போற எடத்துக்குத்தானேண்ணே நான் போவணும். நீங்க லெட்டர் போடுங்க."

லெட்டர். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது சார்ஜன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சோறு இறங்கவில்லை.  அவள் இல்லாத தோட்டத்தில் நான் எதற்கு இருக்க வேண்டும் என்று யோசிப்பேன். கப்பல் மூழ்கட்டும் என்று வேண்டிக்கொள்வேன், அதில் அவளும் இருப்பாள் என்று நினைவு வந்ததும் மாரியம்மன் கோயிலுக்கு ஓடிப்போய் மன்னிப்புக் கேட்பேன். அந்த நிலைமையில் இருந்தேன்.

அவர்கள் கிளம்புவதற்கு முந்தின வாரம். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். மூன்றாம் டிவிஷன் விளக்கு எரிந்தது. கிராணியின் குரல் வரும் என்று எடுத்தேன். பாப்பா பேசினாள்.

"அண்ணே, அவர பாம்பு கடிச்சிருச்சுண்ணே. வெறகுக்குப் பின்னால கெடந்த பொட்டிய எடுக்கக் கைய விட்டாரு. கிராணி ஆபீசுக்குத் தூக்கிட்டு வந்துட்டோம். ஆஸ்பத்திரிக்குப் போடுங்கண்ணே, ஆம்புலன்ஸ் வரச் சொல்லுங்க."

கம்பி கையில் இருந்தது. ஆஸ்பத்திரி ஓட்டை என் முகத்துக்கு நேரே இருந்தது. எனக்குத் தோன்றியது ஒன்றுதான். அவன் ஒரு வாரம் படுக்கையில் கிடந்தால் கப்பல் போய்விடும். அடுத்த கப்பலுக்குள் எதுவும் மாறலாம். கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான் நான் கேட்டது.

"இரும்மா, லைன் எங்கேஜா இருக்கு" என்றேன்.

இப்போது அந்தப் பதில்களை ஞாபகம் வைத்துக்கொண்டு பாருங்கள். ஆஸ்பத்திரியில் யாரும் எடுக்கவில்லை என்று சொல்லியிருந்தால் அவர்கள் வேறு வழி பார்த்திருப்பார்கள். டிவிஷனில் ரப்பர் பால் ஏற்றும் லோரி நின்றுகொண்டிருந்தது, டிரைவரும் இருந்தான். ஆஸ்பத்திரிக்கு அரை மணி நேர ரோடு. ஆனால் எங்கேஜ் என்றால் காத்திருப்பார்கள். வைத்தியம் பார்க்கும் டிரெசர் அங்கே இருக்கிறார், பேச்சு முடிந்ததும் நம்மிடம் வருவார் என்று நம்புவார்கள். எனக்கு அது தெரியும். அந்தத் தோட்டத்தில் என்னை விட நன்றாக அது யாருக்குத் தெரியும்?

திரும்பக் கூப்பிட்டாள். எங்கேஜ் என்றேன். திரும்பவும் கூப்பிட்டாள்.

"அண்ணே, கண்ணு சொருவுதுண்ணே. வாயில நொர வருது. லோரியில ஏத்திறவா? நீங்க சொல்லுங்கண்ணே, நீங்க சொல்றபடி செய்றேன்."

"வேணாம்மா. லோரியில குலுக்கும், வெஷம் சீக்கிரம் ஏறும். படுக்க வச்சிரு. இதோ இப்ப கெடச்சிரும்" என்றேன்.

"சரிண்ணே" என்றாள்.

வேறு ஆபரேட்டர் இருந்திருந்தால் அவள் கேட்டிருக்க மாட்டாள். லோரியில் ஏற்றியிருப்பாள். நான் சொன்னதால் காத்திருந்தாள். அந்த 'சரிண்ணே'யை இன்றைக்கும் கேட்கிறேன். அதில் சந்தேகமே கிடையாது.

பிறகு விளக்கு எரியவில்லை. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போட்டேன். டிரெசர் கஸ்பார் முதல் மணியிலேயே எடுத்தார்.

"எப்ப கடிச்சது?" என்று கேட்டார்.

"இப்பத்தான்" என்றேன்.

ஆம்புலன்ஸ் போய்ச் சேர்ந்தபோது அர்ச்சுனனுக்கு மூச்சு இல்லை.

பாப்பா கப்பல் ஏறவில்லை. யாருக்காக ஏறுவாள்? என்னோடு வந்துவிட்டாள். ஆபீசில் கெட்ட ஞாபகம் என்று சொல்லி வேலையை விட்டேன், ஈப்போவுக்கு வந்தோம். இங்கே ஒரு ஹோட்டலில் போர்டு வேலை கிடைத்தது. நல்லபடியாகத்தான் இருந்தோம் சார்ஜன். அவள் சமைப்பாள், நான் சாயங்காலம் மோட்டார் சைக்கிளில் அவளைக் கோயிலுக்குக் கூட்டிப் போவேன். அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. கேட்டுப் பாருங்கள்.

போன வாரம் செமோரில் ஒரு கல்யாணம். அங்கே கஸ்பார் வந்திருந்தார். தலை நரைத்துப்போய், சும்மா இருக்கத் தெரியாத மனுஷன். பாப்பாவைப் பார்த்ததும் கண்கலங்கி, ஆறுதல் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். "ஒங்க மேல தப்பு இல்லம்மா, கடிச்ச ஒடனே கூப்பிட்டீங்க. அன்னிக்கி மத்தியானம் பூரா நான் போன் பக்கத்துலயேதான் சும்மா உக்காந்திருந்தேன்லா. ஒரு கால்கூட வரல. ஒங்க அண்ணன் போட்டதும் எடுத்தேன். இருந்தும் காப்பாத்த முடியலியே."

பாப்பா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டாள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"அண்ணே, அன்னிக்கி லைன் எங்கேஜா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா" என்றேன். ஒரே கேள்விக்கு ஒரே பதில்.

 "போலீசுல போயி சொல்லுங்க" என்றாள். அதுதான் அவள் என்னிடம் கடைசியாகப் பேசியது.

எழுதியதில் ஒன்றைத் திருத்த வேண்டும் சார்ஜன். பாம்பு கடித்துவிட்டது என்று அவள் சொன்னதாகச் சொன்னேன். சரியாக எழுதிக்கொள்ளுங்கள். நாகப்பாம்பு என்றாள். முதல் வார்த்தையே அதுதான். ரப்பர் காட்டில் பிறந்து வளர்ந்தவன் நான். நாகம் தீண்டினவன் ஒரு வாரம் படுத்திருந்து எழுந்திருப்பதில்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோளாறு என் பக்கம். அர்ச்சுனனைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

அதற்கு முன்னால் ஒரு உதவி. அவளுக்கு ஒரு காப்பி வாங்கிக் கொடுக்கச் சொல்லுங்கள், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பஸ்ஸிலும் தள்ளிப்போய் வேறு சீட்டில்தான் உட்கார்ந்தாள். இறங்கும்போது பாப்பா என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். இதைப் பதில் இல்லை என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. இத்தனை வருஷமாக இதே வேலையில் இருக்கிறேன், வித்தியாசம் எனக்குத் தெரியும். லைன் எங்கேஜில் இருக்கிறது, அவ்வளவுதான். நான் காத்திருப்பேன்.