மருந்து கலந்த புல்விதை

திருவண்ணாமலை, செங்கம் ரோடு.
1983, கார்த்திகை.

ஐயா ராமகிருஷ்ணன் அவர்களுக்கு, தங்கள் பங்களாக் காவல்காரன் ஆதிமூலம் எழுதிக்கொள்வது.

ஐப்பசிக் கிருத்திகையன்று மாலை சாப்பிட உட்கார்ந்தவர்கள் மூன்று பேர். என் மனைவி கஸ்தூரி அவுட்ஹவுசுக்கு வெளியே, மூன்று கல் வைத்து மூட்டிய அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தாள். எனக்கு விரதம் என்பதால், வீட்டுக்குள் கவிச்சி வேண்டாமென்று அவளாகவே வெளியே சமைத்தாள். அவள் தம்பி வேணு செங்கல் அடுக்கின் மேல். நான் வாசற்படியில், இரண்டு வாழைப்பழமும் ஒரு டம்ளர் பாலுமாக.

அவர்கள் இருவருக்காகவும் வருத்தப்பட்டு நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அதன் கடைசி வரியில், மீதிப் புல்விதையை வேலூரில் உங்கள் மகள் வீட்டுக்கு அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். அங்கேயும் கோழி வளர்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் விதையைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். காரணத்தை எழுதுவதுதான் முறை.

தீபத்துக்கு விருந்தாளிகளோடு வருவேன், அதற்குள் முன்புறம் பச்சையாக இல்லாவிட்டால் அவுட்ஹவுசை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று ஆடியில் எழுதியிருந்தீர்கள். மண்ணைக் கொத்தி, விதையோடு மணல் கலந்து தூவி, ஈரச் சாக்கு போட்டு மூடினேன். மூன்றாம் நாள் கஸ்தூரியின் கோழிகள் பதினொன்றும் சாக்குக்கு அடியில் இருந்தன. ஆவணியில் முள் பரப்பி மறுபடி விதைத்தேன். முள்ளை ஒதுக்கிக் குழி பறித்து மண்ணில் புரண்டன.

கூண்டில் அடைக்கச் சொன்னேன்.

"அடைச்சா காலு மடங்கிப் பூடும். முட்டை வுடாது. மாடுகூட மேயக்கூடாத புல்லுக்கு நீ காவலு. இன்னாய்யா பொழப்பு இது?"

"அப்ப வித்துடு."

"வித்துட்டு? உன் லெட்டரு முட்டை போடுமா?"

அவள் பேச்சு எப்போதும் அப்படித்தான். ஒன்பது வருடம், ஒரே அறை. ஒரு பக்கம் உங்கள் கடிதம், மறு பக்கம் அவள் சிரிப்பு. எனக்குப் போக வேறு இடமில்லை. அவளும் போகிறவள் இல்லை. கோழிகள்தான் இஷ்டம்போல் திரிந்தன.

கிருத்திகையன்று விடியற்காலை மூன்றாம் முறை தூவினேன். தூவும்போதே சொன்னேன்:

"விதையில மருந்து கலந்திருக்கேன்."

"மருந்தா? நல்லதாப் போச்சு. ஊரெல்லாம் கோழிக்குக் கழிச்சலு. துன்னா அதுங்களுக்கும் கேக்கட்டும்" என்றாள்.

கையிலிருந்ததைத் தூவி முடித்தேன். ஊராருக்கு மனு எழுதிக் கொடுப்பவன் நான். பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதினால் மருந்து என்று எழுதுவேன். "எம் பொண்ணு மருந்து குடிச்சிட்டா" என்று அழுதுகொண்டு வருபவர்களுக்கு, போலீசுக்கு எழுதும் மனுவில் அதையே விஷம் என்று எழுதுவேன். நான் சொன்ன சொல்லில் பொய் இல்லை.

மத்தியானத்துக்குள் நான்கு கோழிகள் கழுத்தைத் தொங்கப் போட்டன. கழிச்சல்தான் என்று கஸ்தூரி முடிவு செய்தாள். கழிச்சல் கண்ட கோழியை உயிர் போகுமுன் அறுத்துக் குழம்பு வைத்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அவள் எதையும் வீணாக்க மாட்டாள். நன்றாக இருந்தவற்றை விட்டுவிட்டு, தள்ளாடிய நான்கில் இரண்டை அறுத்தாள்.

அடுப்பு மூட்டியபோது செங்கத்திலிருந்து பஸ் பிடித்து வேணு வந்து நின்றான்.

"இன்னா மாமா, கோழிக் கொழம்பு மணக்கச் சொல்ல வாழப்பழம் துன்றே? சாமியே உன்னப் பார்த்து அழுவும்."

"வுடுறா. மாமனுக்குப் புதுசா பக்தி வந்துருக்கு" என்றாள் கஸ்தூரி.

வேணு வருவான் என்று நான் நினைக்கவில்லை. அது ஒன்றுதான் மனதை உறுத்துகிறது. அவன் இரண்டாம் முறை குழம்பு கேட்டபோது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவளும் கையை எடுத்திருப்பாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே வேணு போய்விட்டான். கஸ்தூரி மறுநாள் மத்தியானம் வரை இருந்தாள். நோய்க்கோழிக் கறி என்று எழுதிக்கொண்டார்கள். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. விரதம் இருந்ததால் பிழைத்தாய், எல்லாம் அண்ணாமலையார் செயல் என்றார்கள். நீங்களும் அப்படியே எழுதியிருந்தீர்கள். அதைத் திருத்த வேண்டும். அந்தக் கிருத்திகைக்கு முன்னால் என் ஆயுளில் நான் ஒரு விரதமும் இருந்ததில்லை. காலண்டரில் அந்த நாளைப் பார்த்து வைத்துக்கொண்ட பிறகுதான் விதையில் மருந்தைக் கலந்தேன்.

புல் நன்றாக வந்திருக்கிறது, விரல் உயரம். தீபத்துக்கு வரும் விருந்தாளிகளை அதன்மேல் நடக்க விட வேண்டாம். வேர் இன்னும் பிடிக்கவில்லை. அவுட்ஹவுஸ் எனக்கே என்று எழுதியதற்கு நன்றி.

உறை ஒட்ட நாலு பருக்கை சோறு கொண்டா என்று உள்ளே பார்த்துக் கேட்டுவிட்டேன். பிறகு நானே எழுந்து போய் எடுத்தேன். இதோ ஒட்டுகிறேன். நான்கு மணிக்குத் தபால் எடுப்பார்கள். பெட்டியில் போட்டுவிட்டு வந்து புல்லுக்குத் தண்ணீர் விட வேண்டும்.