ரெண்டாவது இடம் காலி

இல்ல தம்பி, கீழயும் விழல, தண்ணியும் படல. லேப்டாப்போட வேகம்தான் செத்துப்போச்சு. மெமரி கூட்ட முடியுமான்னு கேட்டுட்டு வாங்கப்பான்னு மக அனுப்பினா. அரசெலின்னு பேரு. கட்டடத்துக்கு வரைபடம் போடுறவ.

திறந்து பாத்தே சொல்லுங்க. சிலதுல மெமரியை போர்டோட சேத்தே பத்தவெச்சிருப்பாங்களாமே, கூட்டவே முடியாதாம்ல? இதுவும் அப்படித்தான்னு வீட்ல சொல்லி வெச்சிருக்கேன். அவ நம்பல. கடையில கேட்டுடுங்கன்னுட்டா.

இந்தாங்க, ஒரு வாய் டெரெரே இழுத்துக்குங்க. பச்சிலைத் தண்ணிதான், ஐஸ் போட்டிருக்கு. அசுன்சியோன் வெயிலுக்கு இது இல்லாம ஸ்க்ரூ கூடக் கழட்ட முடியாது.

வேலையா? பியூனஸ் அயர்ஸ்ல ஒரு கம்பெனி, கெடைச்சா அங்கயே போயிடணும். அதுக்கு முன்னாடி, வீடியோல அவங்க பாத்துக்கிட்டிருக்கும்போதே வரைஞ்சு காட்டணுமாம். நேத்து பாதி மாடி வரைஞ்சிருப்பா, படம் அப்படியே நின்னுபோச்சு. அந்தக் கம்பெனி அம்மா நல்லவங்க, நாளைக்கு மறுபடி பாக்கலாம்னாங்க. இவ அழல தம்பி. சமையக்கட்டுல போய் கழுவின தட்டையே திரும்பக் கழுவிக்கிட்டிருந்தா.

பெரியவன் ஸ்பெயின்ல. போன்ல முகம் காட்டுறான், அதுவும் எப்பவாச்சும். அவ அம்மா போனப்புறம் வீட்ல நானும் இவளும்தான். ஒருத்தர் கத்தினா இன்னொருத்தருக்குக் கேக்கணும்ல.

என்ன, மெமரி சொருக ரெண்டு இடம் இருக்கா? பத்தவெக்கல? அப்ப கூட்டலாம்.

ஆமா. ஒண்ணு காலிதான்.

தூசி இல்லன்னா? ...ஆமா, மத்த இடமெல்லாம் தூசியா இருக்கு, இங்க மட்டும் இல்ல. நல்லாத்தான் பாக்குறீங்க.

வேண்டாம், அலமாரியைத் திறக்காதீங்க. புதுசு வேண்டாம். சட்டைப் பையில இருக்கு, இருங்க. கைக்குட்டையில சுத்தி வெச்சிருக்கேன். இந்த மெமரிதான் அங்க இருந்தது. ஞாயித்துக்கிழமை அவ பூசைக்குப் போயிருந்தா. வீடியோ பாத்து நான்தான் கழட்டினேன். மெதுவா ஓடினா அவளுக்கே சலிச்சுப்போகும், அந்த வேலையை விட்டுடுவான்னு நெனச்சேன். இப்படி நடுவுல நிக்கும்னு நெனைக்கல.

போட்டு மூடிடுங்க தம்பி. அவ போன் பண்ணிக் கேட்டா, லூசா இருந்துச்சுன்னு சொல்லுங்க. அப்பா புதுசு வாங்கிப் போட்டாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க. வந்து கட்டிப்பிடிச்சு நன்றி சொல்லுவா. அதை நான் எப்படி நின்னு வாங்கிக்கிறது.