குதிரை மட்டும் வைத்த வீடு

— குச்சிக் காலைக் கொஞ்சம் சாய்ச்சுக் குத்து மாரிடெஸ். நேராக் குத்தினா குதிரை குப்புற விழுந்துரும். அப்புறம் அதுல ஏறி வர்றவங்க வாசல்லயே உருள வேண்டியதுதான்.

— வெள்ளரிக்கா வளைஞ்சு போயிருக்கே தோமோயெ அக்கா, பரவாயில்லையா?

— வளைஞ்சாத்தான் குதிரை. கடையில விக்கிற நேர் வெள்ளரிக்காயில செஞ்சா பென்சிலுக்குக் கால் முளைச்ச மாதிரி நிக்கும். அது கெடக்கட்டும், உன் வீட்டு ஓனர் குனிஹிகோ இன்னிக்குத்தான வாரான்? அவன் இடிக்கப் போற வீட்டுக்கு நீ எதுக்கு இம்புட்டு மெனக்கெடுற?

— இடிக்கறது செப்டம்பர்லதானேக்கா. ஒபோன் இன்னிக்கு. செத்தவங்க வீடு தேடி வர்ற நாள்ல வாசல் வெறிச்சுனு கெடந்தா நல்லாவா இருக்கும்?

— அந்தப் புத்தி பெத்த பிள்ளைக்கு இல்லையே. போன வருஷம் அவன் அம்மா ஃபுசாயோ அக்கா செத்து வந்த முதல் ஒபோன். முதல் ஒபோனுக்கு வராத மகனை இந்த மலையில நான் கண்டதில்ல. பதிமூணாந்தேதி சாயங்காலம் எங்க மாடியிலேருந்து பார்க்கறேன், உன் வாசல்லயும் செத்தவங்களை வரவேற்கற நெருப்பு எரியுது. பாத்தியா, பிலிப்பைன்ஸ்லேருந்து வந்த பொண்ணு செய்யுதுன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிச் சொல்லி மாஞ்சு போனேன்.

— உங்க வீட்டைப் பார்த்துத்தான் செஞ்சேன். நீங்க சணல் தண்டை அடுக்கினீங்க, நானும் அடுக்கினேன். நீங்க கும்பிட்டீங்க, நானும் கும்பிட்டேன்.

— அது போதும்டி. அதுக்கு மேல என்ன இருக்கு.

— தெரியாமக் கேக்கறேன்க்கா. இன்னிக்குக் குருக்கள் வந்து அந்த உள் ரூம்ல என்ன செய்வார்? ஆவியை எடுக்கறதுன்னு சொன்னார் ஓனர் தொகாஷி சார். எனக்கு ஒண்ணும் புரியல. கேக்கவும் பயமா இருந்துச்சு.

— இதுல பயப்பட என்ன இருக்கு? உள் ரூம்ல முன்னோர் மாடம் இருக்குல்ல, அதுக்குள்ள இருக்கறவங்களை மந்திரம் சொல்லி இறங்கச் சொல்லுவாரு. இறங்கிட்டா அது வெறும் மரப்பெட்டி. தூக்கிக் கடாசலாம். அவங்களை இறக்காம வீட்டு மேல கடப்பாரை வைக்க இந்த ஜில்லாவுல எந்த மேஸ்திரியும் வரமாட்டான்.

— அப்ப குருக்கள் வந்துட்டுப் போனா என் கதையும் முடிஞ்சுது.

— நீ வீட்டை வாங்கிக்கறேன்னு கேட்டியே, என்ன சொன்னான்?

— விக்கறதுக்கு இல்லைன்னுட்டார். கோபமாக் கூடச் சொல்லல, அதான் மறுபடி கேக்க வாய் வரல. இங்கேருந்து நான் வேலை பார்க்கற முதியோர் இல்லத்துக்கு நடந்தே போயிடுவேன். இனிமே டவுன்ல ஒரு ரூம் எடுத்து, பஸ் பிடிச்சு வரணும். அங்க யார் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடப் போறாங்க? இந்தக் கூரை மேல ஏறி மூணு குளிர்காலம் பனி தள்ளியிருக்கேன்க்கா. எந்த ஓடு ஆடும், எந்த ஓடு தாங்கும்னு என் காலுக்குத் தெரியும். எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனசே இல்ல.

— எங்களுக்கு மட்டும் இருக்கா? ஊர் வாய்க்கால் தூர் வார்ற நாள்ல மொத ஆளா மண்வெட்டியோட நிக்கறது நீதான். ஆம்பளைங்க எல்லாம் டீ குடிச்சிட்டு ஆடி அசைஞ்சு வருவானுங்க. சரி, அழாத. குதிரை நல்லாத்தான் வந்திருக்கு. மாடு எங்க?

— எந்த மாடு?

— கத்திரிக்கா மாடு. இந்தா பாரு, இன்னும் செய்யலைன்னா எங்க தோட்டத்துலேருந்து குண்டா ஒண்ணு பறிச்சுத் தாரேன். போன வருஷம் எங்க பறிச்ச?

— போன வருஷம் மாடு வைக்கலையே. குதிரை மட்டுந்தான் வச்சேன்.

— மாடு வைக்காம எப்படிடி? வரும்போது சீக்கிரம் வரணும்னு குதிரை. போகும்போது போக மனசில்லாம மெதுவாப் போறதுக்கு மாடு. சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். பதினாறாந்தேதி எதுல ஏத்தி அனுப்பின?

— அனுப்பணுமா?

— என்னது?

— இல்லக்கா, நிஜமாத்தான் கேக்கறேன். அன்னிக்கு எனக்கு டியூட்டி. அவங்களை அனுப்பறதுக்குன்னு ஏதாவது செய்யணுமா?

— அடிப்பாவி மகளே. பதினாறாந்தேதி சாயங்காலம் அதே இடத்துல மறுபடி நெருப்பு மூட்டி வழியனுப்பணும். நாங்க மூட்டினோமே, நீ பார்க்கலையா?

— நான்தான் வேலைக்குப் போயிட்டேனே. யாரும் சொல்லவும் இல்ல.

— இதைப் போய் யாராவது சொல்லுவாங்களா? கூப்பிட்டவங்களை அனுப்பி வைக்கணும்னு தெரியாதா ஒரு மனுஷிக்கு? உங்க ஊர்ல செத்தவங்களுக்குன்னு நாளே கிடையாதா?

— இருக்கே. நவம்பர்ல. ஆனா எங்க ஊர்ல நாங்கதான் அவங்களைப் பார்க்கப் போவோம். சோறு கட்டிக்கிட்டு, பாய் எடுத்துக்கிட்டு, மொத்தக் குடும்பமும் கல்லறைக்குப் போயிடும். அங்கயே சாப்பாடு, அங்கயே சீட்டாட்டம், பாட்டு, சண்டை எல்லாம். விடிஞ்சதும் நாங்க கெளம்பி வந்துருவோம். அவங்க அவங்க இடத்துலயே இருப்பாங்க. யாரை அனுப்பறது?

— ஓ. நீங்க விருந்துக்குப் போற சாதி. நாங்க விருந்துக்குக் கூப்பிடற சாதி.

— ஆமாக்கா. விருந்தாளி தானா எழுந்து போயிடுவாங்கன்னு நினைச்சுக்கிட்டேன்.

— போக வண்டி வேணாமாடி? கொஞ்சம் இரு, நான் உக்காந்துக்கறேன். அப்ப போன ஒபோன்லேருந்து இந்த ஒபோன் வரைக்கும் ஃபுசாயோ அக்கா இந்த வீட்டுலயேவா இருக்காங்க?

— தெரியலையேக்கா. இருக்கலாமா?

— என்னைக் கேட்டா? நீதான கூடவே குடியிருக்க. ஏதாவது சத்தம் கித்தம் கேட்டுச்சா? சாமான் இடம் மாறிக் கெடந்துச்சா? ஃபுசாயோ அக்காவுக்குச் சட்டியை யாராவது கவுத்து வைக்காம விட்டா ஆகவே ஆகாது.

— சட்டி எல்லாம் நான் வச்ச எடத்துலதான் இருந்துச்சு. ஆனா வீட்டுல ஆள் இருக்கற மாதிரிதான் இருக்கும். வேலைக்குக் கெளம்பறப்ப போயிட்டு வரேன்னு சொல்லுவேன். வந்ததும் வந்துட்டேன்னு சொல்லுவேன். இங்க எல்லாரும் காலி வீட்டுலயும் சொல்றீங்களே, அந்த மாதிரி.

— நாங்க சும்மா பழக்கத்துக்குச் சொல்றோம். உன் வீட்டுல நெசமாவே ஆள் இருந்து கேட்டிருக்கு. எனக்கு ரோமம் எல்லாம் நிக்குது பாரு. அதைவிட இன்னொண்ணு யோசி. குருக்கள் வந்து மாடத்துலேருந்து இறக்கப் போறாரு. ஆனா அவங்க மாடத்துலயா இருக்காங்க? வீடு பூரா நடமாடிக்கிட்டுல்ல இருக்காங்க. பெட்டி காலின்னு சொல்லிட்டு வீட்டை இடிச்சா, ஃபுசாயோ அக்கா தலை மேலயே இடிக்கற மாதிரி ஆயிரும்.

— ஐயோ. அப்ப தொகாஷி சார்கிட்டச் சொல்லிடலாம்க்கா.

— வாயைத் தொறக்காத. ஏற்கனவே உனக்கு வீடு தர மாட்டேங்கறான். எங்கம்மாவை ஒரு வருஷம் அடைச்சு வச்சியான்னு கேட்டா என்ன சொல்லுவ? குருக்கள் காதுல மட்டும் நான் போடறேன். கார் சத்தம் கேக்குது. அவன்தான். குதிரையை அப்படி வை. எந்திரி.

— வணக்கம் தோமோயெ அக்கா. வணக்கம் மாரிடெஸ். என்ன வெயில், என்ன வெயில். எங்க சைதாமாவைவிட இங்க மோசமா இருக்கு. என்ன, என்னைக் கண்டதும் ரெண்டு பேரும் வாயை மூடிட்டீங்க?

— அதெல்லாம் ஒண்ணுமில்ல குனிஹிகோ. கத்திரிக்கா விளைச்சலைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம். வா, பார்லி டீ குடி.

— விஷயம் என்னன்னா, நான் ரொம்ப நேரம் தங்க முடியாதுக்கா. குருக்கள் வந்து முடிச்சிட்டார்னா கெளம்பிருவேன். மாடத்தை ஏத்திக்கிட்டுப் போக வண்டியும் சொல்லியாச்சு. பக்கத்துல கத்திரிக்காயே காணோமே, அப்புறம் என்ன விளைச்சல்? சின்ன வயசுல நான் பொய் சொன்னா நீங்க காதைத் திருகுவீங்க. இப்ப உங்க காதை யார் திருகறது?

— தொகாஷி சார், நான் சொல்லிடறேன்.

— மாரிடெஸ், சும்மா இரு.

— இல்லக்கா. அவர் வீடு, அவர் அம்மா. போன வருஷம் நான் வாசல்ல வரவேற்பு நெருப்பு மூட்டினேன் சார். வெள்ளரிக்கா குதிரையும் வச்சேன். ஆனா திருப்பி அனுப்பற நெருப்பு மூட்டல, மாடும் வைக்கல. அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது. வந்தவங்க இன்னும் வீட்டுக்குள்ளயே இருக்காங்கன்னு அக்கா சொல்றாங்க.

— இதுக்குத்தானா? நான் கூரைதான் ஒழுகுதோன்னு பயந்துட்டேன். அக்கா, நீங்க இன்னும் இதையெல்லாம் நம்பறீங்களா?

— நம்பாதவன் எதுக்குடா குருக்களைக் கூப்பிட்டு இறக்கச் சொல்ற? நேரா இடிக்க வேண்டியதுதான?

— அது, மேஸ்திரி கேக்கறார்.

— மேஸ்திரி கேக்கறாராம்.

— எத்தனை நாளா இருக்காங்கன்னு சொன்னீங்க?

— போன ஒபோன்லேருந்து சார். ஒரு வருஷம். மன்னிச்சுக்குங்க.

— ஒரு வருஷம். குளிர்காலத்துலயுமா?

— நான் எங்கயும் போகல சார். குளிர்காலம் முழுக்க இங்கதான் கணப்பு அடுப்பு எரிஞ்சுது.

— எந்த ரூம்ல?

— சமையலறைக்குப் பக்கத்துல, ஜன்னல் மலையைப் பார்க்குதே, அந்த ரூம்ல. ஏன் சார்?

— அது அம்மாவோட ரூம். விஷயம் என்னன்னா. அக்கா, உங்களுக்குக் கூடத் தெரியாது. அம்மாவை சைதாமாவுக்குக் கூட்டிட்டுப் போனேனே, போன நாள்லேருந்து ஒரே பேச்சு. ஒரு தடவை ஊருக்குக் கூட்டிட்டுப் போடா, என் ரூம்ல ஒரு ராத்திரி படுத்துட்டு வந்துடறேன். நானும் அடுத்த மாசம், அடுத்த மாசம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். பனி கரையட்டும்னேன். பனி கரைஞ்சப்ப அவங்க இல்ல.

— அதான் முதல் ஒபோனுக்கு நீ வரலையா?

— எந்த முகத்தோட வர்றது? செத்தப்புறம் கூட்டிட்டு வந்தேன்னு நெருப்பு மூட்டச் சொல்றீங்களா? அதனாலதான் இந்த வீடே இருக்கக் கூடாதுன்னு நினைச்சேன். பார்க்கவே முடியல.

— அழு தம்பி. இங்க யாரு பார்க்கப் போறா.

— ஆனா வந்துட்டாங்கல்ல? நான் கூட்டிட்டு வரலைன்னாலும் வந்து ஒரு வருஷம் இருந்துட்டாங்கல்ல? மாரிடெஸ், நீங்க செஞ்சது தப்பே இல்லைங்க. நான் மகனாப் பொறந்து செய்யாததை நீங்க தெரியாமச் செஞ்சிட்டீங்க. வீட்டை இடிக்கல. இடிக்கல அக்கா. அம்மா இருக்கற வீட்டை எப்படி இடிக்கறது? இவங்களே இருக்கட்டும். கூரையை வேணா மாத்தித் தரேன்.

— கேட்டியா மாரிடெஸ்? காதுல விழுந்துச்சா? நன்றின்னு சொல்லுடி.

— சார், அது அப்படி இல்ல.

— எது அப்படி இல்ல?

— நான் ஒண்ணு சொல்லணும். இதைச் சொல்லாம இந்த வீட்டுல நான் இருக்க முடியாது. போன வருஷம் நெருப்பு மூட்டினப்ப நான் உங்கம்மாவைக் கூப்பிடல. அவங்களை நான் பார்த்ததே இல்ல. எங்கம்மா போன வருஷம் ஜூன்ல எங்க ஊர் இலோயிலோவுல செத்துட்டாங்க. லீவு கிடைக்கல, நான் போகல. தம்பி அடக்கத்தைப் போன்ல காட்டினான். பாதியில படம் நின்னு போச்சு. அப்புறம் ஒபோன் வந்துச்சு. இந்த ஊர்ல நெருப்பு மூட்டிக் கூப்பிட்டா வர்றாங்களேன்னு, லிகாயான்னு எங்கம்மா பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன் சார். தினமும் பேசினதும் அவங்ககிட்டதான்.

— மாரிடெஸ். உங்கம்மா செத்ததை என்கிட்டக் கூட நீ சொல்லலையே.

— சொன்னா ஊரே கறுப்புத் துணி உடுத்திக்கிட்டு வாசல்ல வந்து குனிஞ்சு நிக்கும்க்கா. என்னால தாங்க முடிஞ்சிருக்காது. உங்க வாசல்ல எங்கம்மாவைக் கூப்பிட்டது தப்புத்தான் சார். அதனாலதான் இந்த வருஷக் குதிரையை உங்கம்மாவுக்குன்னு செஞ்சேன். அவங்க வீடு, அவங்க ஒரு தடவை பார்த்துட்டுப் போகட்டும்னு. நீங்க வீடு தரேன்னு சொன்னதைத் திருப்பி வாங்கிக்குங்க.

— குனிஹிகோ, வாசலுக்கு எங்கடா போற? அந்தப் பொண்ணுக்கு ஒரு பதில் சொல்லிட்டுப் போடா.

— நெருப்பை எந்த எடத்துல மூட்டினீங்க?

— வாசல்ல சார், அந்தக் கறுப்புக் கல்லு மேல. அங்க ஏற்கனவே கரி பிடிச்சிருந்துச்சு.

— அம்மா வருஷா வருஷம் மூட்டின கல்லு அது. அக்கா, நீங்க சொல்லுங்க. எங்கம்மா கூப்பிட்டாத்தான் வர்ற ஆளா?

— ஃபுசாயோ அக்காவா? அடுத்த தெருவுல புகை வந்தாலே எட்டிப் பார்த்துட்டுத்தான் மறுவேலை. வாசல்ல வெளியூர்ப் பொம்பளை ஒருத்தி நின்னா, எந்த ஊரு, எத்தனை பிள்ளைன்னு கேட்டு உள்ள இழுத்துக்கிட்டுப் போயிருவாங்க.

— மேட்டுல ஸ்கூட்டர் ஏறுது அக்கா, குருக்களாத்தான் இருக்கும். நீங்க போய் இன்னிக்கு வேண்டாம்னு சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிடுங்க. உள்ள ரெண்டு பேர் இருக்காங்க.